ஊன்றுகோலை ஓரம் வைத்த பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். வருபவர்களில் ஒரு பாதி செம்பனைக் குலை வெட்டி இடுப்பு பிடித்துப்போனவர்கள், மறு பாதி பந்து விளையாட்டில் முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பையன்கள். குலை வெட்டுகிற அண்ணன்மார் வலியைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். பையன்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்தாம் படிவ மாணவன். மாவட்டப் பள்ளிப் போட்டியில் சட்டென்று திரும்பியபோது கால் புல்லில் சிக்கி, முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்துவிட்டது. முதலில் எண்ணெய் போட்டு உருவினார்கள். பிறகு கோயிலில் கயிறு கட்டினார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் ஈப்போவில் ஸ்கேன். அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் நொண்டாமல் நடந்தான், முழங்கால் 130 டிகிரி மடங்கியது. என் குறிப்பேட்டில் எல்லாமே நல்ல எண்கள். அந்த வாரம்தான் வராமல் நின்றான்.

தொலைபேசியில் அவன் அம்மா சொன்னார்: "நன்றாக ஓய்வெடுக்கிறான் தம்பி. பகலெல்லாம் தூக்கம். கைப்பேசியைக்கூடத் தொடுவதில்லை." குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இது ஓய்வில்லை, மனச்சோர்வாக இருக்கலாம்.

அடிபட்ட நாளில் அழுவதும் கத்துவதும் இயல்பு, பெரும்பாலும் தானே அடங்கும். நான் பார்த்தவரையில் மோசமான காலம் ஊன்றுகோலை ஓரம் வைத்த பிறகே தொடங்குகிறது. அதுவரை தோட்டத்து லயத்து வீடுகளின் ஜனங்கள் மைலோ டின்னோடு வந்து விசாரிப்பார்கள். நடக்கத் தொடங்கியதும் "கால்தான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இறங்கவில்லை?" என்பார்கள். உள்ளே பொருத்திய தசைநார் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டியில் இறங்கினால் மறுபடியும் காயப்படும் ஆபத்து அதிகம். ஆக, அந்த ஆறு மாதம் அவன் நோயாளியும் இல்லை, ஆட்டக்காரனும் இல்லை. மாலை ஐந்தரைக்குத் திடலில் விசில் சத்தம் கேட்கும்போது இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஓட்டமே அவன் மனத்துக்கு மருந்தாக இருந்தது, அதையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டோம். போதாததற்கு எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வு ஆண்டு வேறு. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விளையாட்டு போன்ற புறப்பாட நடவடிக்கைக்குப் 10 விழுக்காடு உண்டு என்பது அப்பாவுக்கு மனப்பாடம்.

மனம் சோர்ந்தால் பயிற்சி தவறும், தூக்கம் கெடும், அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். பயிற்சி இல்லாமல் தொடைத் தசை தேறாது. தேறாத காலைப் பார்த்துப் பார்த்து மனம் இன்னும் சோரும். இதற்குத்தான் வீட்டில் 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைக்கிறார்கள். தலையில் அடிபட்டவர்கள் விஷயம் வேறு. அதிர்ச்சிக்குள்ளான மூளையே மனநிலையை மாற்றக்கூடும், அவர்களை உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் அவன் முழங்காலை மட்டுமே அளந்தேன் என்பது என் தவறு. இப்போது மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாளையும் கொடுக்கிறேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் கிளினிக்குக்குக் கடிதம் எழுதுவேன். நோய் இதுதான் என்று முடிவு சொல்ல வேண்டியவர் அங்குள்ள மருத்துவர். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வராது, கேளுங்கள். 2023-இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவையே நம் நாடு நீக்கிவிட்டது, எனவே போலீஸ் பயமும் வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555. மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929.

பயிற்றுநர் அவனைத் திடலுக்குத் தண்ணீர் போத்தல் தூக்க அழைத்தார். நல்ல மனம்தான், பையனுக்கோ அவமானம். என்ன செய்ய விருப்பம் என்று அவனையே கேட்டோம். தமிழ்ப்பள்ளிச் சிறுவர்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றான். கிளினிக்கிலும் ஆலோசனைக்குப் போய்வருகிறான்.

இப்போது எட்டாம் மாதம். கால் நன்றாக இருக்கிறது. எப்போது ஆடலாம் என்று மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை. சனிக்கிழமை வரும்போது நானே அந்தப் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.