கேட்டால் ஒன்று, பார்த்தால் ஒன்று

பிரிட்டன் அரசின் சேவைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த கவ் டாட் யூகே இணையதளம் 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் பக்கங்களின் அடியில், கோளாறு இருந்தால் தெரிவிப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சிறிய படிவம் ஒன்று விரியும். அதில் இரண்டே கேள்விகள்: "நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?", "என்ன தவறு நேர்ந்தது?" தேசியக் காப்பீட்டு எண்ணையோ கிரெடிட் கார்டு விவரத்தையோ எழுதிவிடாதீர்கள் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவ்வளவுதான்.

தளம் பிடித்திருக்கிறதா, நிறம் எப்படி இருக்கிறது, எதை மாற்றலாம் என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்பதில்லை. ஒரு நல்ல டாக்டர் "உங்களுக்கு என்ன நோய்?" என்று நோயாளியிடம் கேட்கமாட்டார். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்றுதான் கேட்பார். இந்தப் படிவமும் அந்த வகை. "முகவரி மாற்ற வந்தேன், கடைசிப் பொத்தானை அழுத்தியும் பக்கம் நகரவில்லை" என்று ஒருவர் எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். "தளம் சுமார்" என்று ஆயிரம் பேர் எழுதினாலும் தொடங்க முடியாது. ஐந்து நட்சத்திரங்களை மட்டும் காட்டி மதிப்பெண் கேட்கும் தளங்கள் தங்கள் வாசகர்களின் நேரத்தை வீணாக்குகின்றன என்பதே என் கருத்து. மூன்று நட்சத்திரம் விழுந்தால் எந்த வரியைத் திருத்துவது?

செய்ததைக் கேட்பதற்கும் கருத்தைக் கேட்பதற்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பரிசோதனை வருகிறது. கடை ஒன்றில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே ரகம், ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேரும் வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, பொருள் இருந்த இடத்தை ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தம்மை எது இழுத்தது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

இது ஒரு பக்கம். தெரிந்ததைச் சொல்லத் தயங்குவது இன்னொரு பக்கம், நம் நாட்டில் அது இன்னும் கனமானது. நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேரிடம் நேர்காணல் நடத்தி, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, அவற்றில் ஒன்று கேள்வி கேட்பவரே உருவாக்கியது என்று உணர்த்தினார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றதைவிடச் சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. கேட்பவருடையதை வேண்டுமென்றே மோசமாக்கிக் காட்டியபோதுகூட அதையே விரும்புவதாகச் சொன்னார்கள். வீடு தேடி வந்தவர் மனம் நோகக் கூடாது என்ற நம் பண்பு, இணையதளம் நடத்துபவருக்குத் தவறான செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. "நாங்கள் உருவாக்கிய இந்தத் தளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்ற பதிலை அறிக்கையில் எழுதுபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது, அருகில் உட்கார்ந்து பார்ப்பது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதற்கென ஒரு முறையை எழுதிவைத்தார். பயனரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு மிக எளிது, நடத்துவதற்குக் கடினம். வேலையைச் சொல்லும் விதத்திலேயே பாதி கெட்டுவிடும். "'தரவிறக்கம்' பகுதிக்குப் போய் விண்ணப்பத்தை எடுங்கள்" என்று சொன்னால் அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். நாம் சோதித்தது அவருடைய கண்பார்வையை மட்டும்தான். "உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் தவறாக இருக்கிறது, திருத்த வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சுட்டி மேலே போகிறது, பட்டியல் விரிகிறது, மூடுகிறது, மறுபடி விரிகிறது. "இது புதுப் பதிவுக்கா, திருத்தத்துக்கா..." என்று முணுமுணுக்கிறார். அந்தக் கணத்தில் உதவத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் சோதனை நடத்துபவரின் திறமை. "இதை எங்கே அழுத்துவது?" என்று அவர் கேட்டால், "நான் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?" என்பதற்கு மேல் பேசக் கூடாது.

மரியாதைத் தயக்கம் இங்கேயும் விடாது. தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு "எல்லாம் சுலபமாக இருந்தது" என்பவர்கள் ஏராளம். இந்தியாவில் இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையைச் சோதிக்கும் துறையில் பணியாற்றிய அபாலா லஹிரி சவான் இதற்கு ஒரு வழி கண்டார். வேலையை ஓர் இந்தி சினிமாக் கதைக்குள் வைத்தார். உங்கள் அன்பான மருமகளுக்கு, அதாவது உடன்பிறந்தவரின் மகளுக்கு, கல்யாணம் நெருங்குகிறது. மாப்பிள்ளை கூலிக்கொலையாளி, ஏற்கெனவே மணமானவன் என்று திடீரென்று தெரிய வருகிறது. அவனுடைய மனைவியையும் அழைத்துக்கொண்டு நீங்கள் உடனே பெங்களூருக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும், நேரமில்லை! மருமகளைக் காப்பாற்றும் அவசரத்தில் இருப்பவருக்குத் தளத்தை உருவாக்கியவரின் மனம் நோகுமே என்ற கவலை ஏது? குறைகளை ஆத்திரத்தோடு கொட்டினார்கள். இந்த முறைக்கு பாலிவுட் முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆய்வு முறை என்பது ஊருக்கு ஊர் மாற வேண்டிய ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

எத்தனை பேரை இப்படிப் பார்ப்பது? இத்துறை ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் இதற்குக் கணக்கு போட்டார்கள். அவர்கள் அலசிய சோதனைகளில், ஒரு பயனர் சராசரியாக மொத்தக் குறைகளில் 31 சதவீதத்தை வெளிக்கொண்டுவந்தார். மீதி 69. அடுத்தவர் அந்த மீதியில் 31 சதவீதத்தைக் காட்டுகிறார், ஆக மொத்தம் 52. மூன்றாமவரோடு 67, நான்காமவரோடு 77, ஐந்தாமவரோடு ஏறக்குறைய 85. ஆறாமவர் பெரும்பாலும் நாம் பார்த்துவிட்ட தடுமாற்றங்களையே திரும்பக் காட்டுவார். ஆகவே பதினைந்து பேரை ஒரே சுற்றில் சோதிக்காமல், ஐவரைப் பார்த்துத் திருத்தி, வேறு ஐவரைப் பார்த்துத் திருத்தி, மீண்டும் ஐவரைப் பாருங்கள் என்றார் நீல்சன்.

சராசரிக்குள் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஆய்வாளர் லாரா ஃபாக்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி அதே 85தான். ஆனால் சில ஐவர் குழுக்கள் 99 சதவீதக் குறைகளைக் கண்டன, சில குழுக்கள் வெறும் 55. பத்துப் பேர் என்றால் மிக மோசமான குழுவும் 80 சதவீதத்தைத் தொட்டது. இருபது பேருக்கு 95. பொழுதுபோக்குத் தளத்துக்கு ஐவர் போதும். மருந்தின் அளவையோ ஓய்வூதியத்தையோ சொல்லும் தளத்துக்கு ஐவரோடு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

போன வருடத்தைவிட இந்த வருடம் தேறியிருக்கிறோமா என்று எண்ணில் அறியவும் ஒரு கருவி உண்டு. ஜான் புரூக் 1986இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் உருவாக்கிய பத்து வாக்கியங்கள் அவை. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். படிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடித்துக்கொண்டு போனால் விடை தானாகவே முரண்பட்டுவிடும். ஒவ்வொன்றையும் பயனர் எவ்வளவு ஏற்கிறார் என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படையில் கிடைத்ததிலிருந்து 1 கழிக்கவும், இரட்டைப்படையில் கிடைத்ததை 5இலிருந்து கழிக்கவும். கூட்டி இரண்டரையால் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும். பல நூறு ஆய்வுகளில் சராசரி 68. எங்கே வலி என்று இது சொல்லாது, வலி கூடியதா குறைந்ததா என்று சொல்லும்.

இணையதளங்களை எளிமையாக்குவது எப்படி என்று கற்பிக்கும் தளங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அங்கே வருபவர்களே வடிவமைப்பாளர்கள். கருத்துக் கேட்டால் தங்கள் அனுபவத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, "பயனர்களுக்கு இது குழப்பமாக இருக்கும்" என்று தீர்ப்பு எழுதுவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, "கடைசியாக எந்த வேலைக்காக இங்கே வந்தீர்கள், கிடைத்ததா?" என்பதுதான். கூடவே, தளத்தின் தேடல் பெட்டியில் தட்டப்பட்டு ஒரு முடிவும் கிடைக்காத சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். யாரும் யாருக்காகவும் மரியாதை பார்த்து எழுதாத பின்னூட்டம் அது.

அத்தகைய தளங்களில் பெயர்பெற்றது, அமெரிக்க சுகாதாரத் துறை நடத்திவந்த யூசபிலிட்டி டாட் கவ். அந்தத் துறை 2006இல் வெளியிட்ட கையேட்டில் 209 வழிகாட்டுதல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனி அளவுகோல்கள்: இது எவ்வளவு முக்கியம், இதற்கு எவ்வளவு வலுவான சான்று இருக்கிறது. இரண்டும் ஐந்துக்கு. வந்து குவியும் பின்னூட்டங்களையும் இதே இரண்டு கோல்களால் அளக்கலாம். ஒருவர் கோபமாக எழுதிய நீண்ட மடலுக்கு முக்கியத்துவம் நான்கு இருக்கலாம், சான்று ஒன்றுதான். ஐவரில் நால்வர் ஒரே பட்டியலில் தடுமாறியதை நாமே பார்த்திருந்தால் சான்று ஐந்து. முதலாவதை அடுத்த சோதனைச் சுற்றில் ஒரு வேலையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதைத் திருத்திவிட்டு, பழைய வேலையையே ஒரு சொல்லும் மாற்றாமல், அந்தத் தளத்தை முன்பின் பார்த்திராத வேறு ஐந்து பேரிடம் கொடுக்க வேண்டும்.