கவர் சாங் பாடுறவங்களே, மைக்க மாத்துறதுக்கு முன்னாடி ரூம பாருங்க

எனக்கு மிக்ஸிங்குக்கு வர்ற வாய்ஸ் ட்ராக் நிறைய வீட்ல எடுத்ததுதான். கூடவே ஒரு மெசேஜ் வரும், "அண்ணா புது மைக்ல எடுத்தது, கொஞ்சம் ஸ்டுடியோ சவுண்டா ஆக்கிக் குடுங்க". கேட்டுப் பாத்தா மைக் நல்லாத்தான் இருக்கும், குரலும் நல்லாத்தான் இருக்கும், ஆனா டைல்ஸ் போட்ட வெறும் ரூம் நடுவுல நின்னு பாடுன எதிரொலி ஒவ்வொரு வரி முடியுறப்பவும் கேக்கும். அத எடுக்க இப்போ ஏஐ டூல் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அது எதிரொலியோட சேத்து மூச்சையும் எழுத்தோட ஓரத்தையும் கொஞ்சம் தின்னுட்டுத்தான் விடும்.

அதனால முதல்ல ரூம். முட்டை ட்ரே ஒட்டுறத விட்ருங்க, அது பெருசா எதையும் உறிஞ்சாது. மெத்தை, கம்பளி, மடிக்காம குவிச்சு வச்ச துணி, இதெல்லாம்தான் வேலை செய்யும். எல்லாரும் மைக்குக்குப் பின்னாடி போர்வை கட்டுறாங்க, ஆனா கார்டியாய்ட் மைக் முன்பக்கம்தான் அதிகம் கேக்கும், அப்போ அது பாக்குறது உங்க முகத்தையும் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குற சுவரையும்தான், சோ கனமான போர்வை உங்க முதுகுக்குப் பின்னாடி தொங்கணும். ரூம் ரொம்ப மோசம்னா சின்ன சத்தத்தையும் புடிக்கிற கண்டென்ஸர் மைக்க விட, ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி கிட்ட பாடுறத மட்டும் நல்லா புடிக்கிற ஒரு டைனமிக் மைக்ல நாலு விரல் தூரத்துல பாடுறது எவ்வளவோ மேல். ஃபேன ஆஃப் பண்ணுங்க, நாலு நிமிஷம் வேர்த்தா ஒண்ணும் ஆகாது. பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் சும்மா நின்னு அதையும் ரெக்கார்ட் பண்ணுங்க, நாய்ஸ் எடுக்குறப்போ அந்த அமைதிதான் எனக்கு சாம்பிள்.

கெய்ன, அதாவது மைக் சத்தத்த எவ்வளவு ஏத்தி எடுக்கணும்ங்குற அளவ, வைக்கிறப்போ பல்லவிய முணுமுணுத்துப் பாத்து வைக்காதீங்க, சரணத்துல மேல போற இடத்த முழு சத்தத்துல பாடி, பீக், அதாவது மீட்டர் தொடுற உச்சம், மைனஸ் 12ல இருந்து மைனஸ் 6 டிபிக்குள்ள நிக்கிற மாதிரி வைங்க. ரெக்கார்டிங் செட்டிங்ல 24 பிட் வச்சு எடுத்தா சத்தம் கம்மியா இருக்கேன்னு பயப்படவே வேணாம், ஏத்திக்கலாம். சிவப்பு லைட் தொட்டுக் கிழிஞ்சத முழுசா திருப்பிக் கொண்டு வர முடியாது. 'ப' வர்ற வார்த்தைல டப்பு டப்புனு காத்து அடிச்சா மைக்க வாய்க்கு நேரா வைக்காம லேசா சாய்ச்சு வைங்க.

ப்ளூடூத் ஹெட்செட் வேணவே வேணாம். 150, 200 மில்லிசெகண்ட் லேட்டெல்லாம் அதுல சாதாரணம், 100 பிபிஎம் பாட்டுல, அதாவது நிமிஷத்துக்கு 100 பீட் வர்ற பாட்டுல, ஒரு பீட்டே 600 மில்லிசெகண்ட்தான், கால் பீட் தள்ளிப் போயிடும். மொத்தமா நகத்தி வச்சா சரியாகாதான்னு கேப்பீங்க, அந்த லேட் கடைசி வரைக்கும் ஒரே அளவுல நிக்கும்னு நம்ப முடியாது. வயர் போட்ட, காத மூடுற ஹெட்ஃபோன் போதும், இல்லன்னா கரோக்கி சத்தம் மைக்ல விழுந்துடும்.

இப்போ எல்லாரும் கேக்குற, சுருதிய சாஃப்ட்வேர்ல சரி பண்ற பிட்ச் கரெக்‌ஷன். அதுக்கான சாஃப்ட்வேர் ஆட்டோ டியூன் 1997ல வந்தது, அதோட ரீட்யூன் ஸ்பீட, அதாவது எவ்வளவு வேகமா திருத்தணும்ங்குற செட்டிங்க, ஜீரோல வச்சா எந்த ஸ்வரத்தையும் பக்கத்து கீபோர்டு கட்டைல நேரா ஒட்ட வச்சுடும். நம்ம பாட்டுக்கு இது ஆபத்து. தோடி ராகத்தோட காந்தாரத்த, அதாவது 'க' ஸ்வரத்த, எடுத்துக்கோங்க, அது ஒரு இடத்துல நிக்காது, ரிக்கும் மவுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டந்தான் காந்தாரம். சாஃப்ட்வேருக்கு அது புரியாது, சுருதி விலகுதுன்னு நெனச்சு படிக்கட்டா வெட்டிடும், அப்புறம் கேட்டா கீபோர்டு பாடுற மாதிரி இருக்கும். நான் மெலோடைன்ங்குற சாஃப்ட்வேர்ல நீட்டி நிக்கிற ஸ்வரத்த மட்டும் கையால தொடுவேன், கமகம், அதாவது ஸ்வரத்த ஆட்டிப் பாடுறது, வர்ற இடத்த அப்படியே விட்ருவேன். அங்க தப்பா விழுந்திருந்தா அந்த ஒரு வரிய திரும்பப் பாடி அனுப்புங்கன்னுதான் கேப்பேன், அது அஞ்சு நிமிஷ வேலை.

ரிவெர்ப், எக்கோன்னு எதிரொலி எஃபெக்ட் எதுவும் போட்டு அனுப்பாதீங்க, அத நான் போட முடியும், நீங்க போட்டத என்னால சுத்தமா எடுக்க முடியாது. வாய்ஸ் தனி, கரோக்கி தனி, ரெண்டும் பாட்டோட ஜீரோ செகண்ட்ல இருந்தே ஆரம்பிக்கிற வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி ட்ரைவ் லிங்க்கா குடுங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா வேணாம் ப்ளீஸ்.