கசிவுக் குழாயின் வாயில் சிமென்ட் பூசாதீர்கள்

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய மண் அணையின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கரையின் வெளிச்சரிவில், இடுப்பளவு உயரத்தில், புல் மட்டும் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தது. காலை வைத்தேன். செருப்பு அப்படியே உள்ளே போனது. போன வருடம் இதே மாதத்தில் இதே இடத்தில் மண் இறுகிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். வயிற்றைக் கலக்கியது.

கீழே இறங்கி, கரையின் அடியில் உள்ள கசிவு வடிகாலின் வாயைத் தேடினேன். காணோம். செடிகளை விலக்கிப் பார்த்தால், குழாய் வாயில் கருங்கல் ஜல்லி போட்டு, சிமென்ட் பூசி, மேலே மட்டப்பலகை வைத்துத் தேய்த்து அழகாக முடித்திருந்தார்கள். நல்ல கொத்தனார் வேலை. ஊரில் காசு பிரித்துச் செய்திருக்கிறார்கள். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் பெருமையாகவே சொன்னார்: “தண்ணி ராப்பகலா சும்மா ஒழுகிப் போவுதுல்லா சாரே, அதான் அடைச்சோம்.”

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படி நான் பார்ப்பது இது நான்காவது முறை. ஓரிடத்தில் களிமண் வைத்து அடைத்தார்கள், ஓரிடத்தில் சாக்கு திணித்தார்கள், இன்னொரு இடத்தில் வாயையே மண் போட்டு மூடி வாழை வைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அணை என்றால் ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது என்று எல்லோரும் நினைக்கிறோம். தவறு. கசியாத மண் அணை உலகத்தில் கிடையாது. மேலே அத்தனை அடி தண்ணீரை நிறுத்தி வைத்தால், அது கரைக்குள் ஊறத்தான் செய்யும். கட்டியவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கரையின் அடியில் மணல், சரளை, கல் என்று அடுக்கி ஒரு வடிகால் வைத்தார்கள். ஊறி வரும் தண்ணீர் அந்த வழியாக வெளியே போகும். மண்துகளை மணல் பிடித்து நிறுத்திக்கொள்ளும். சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கும் பானைக்கும் நடுவே உள்ள இடுக்கில் கஞ்சி இறங்கும், பருக்கை உள்ளேயே நிற்கும். அந்த இடுக்கை அடைத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? தட்டு நழுவும், சோறும் கஞ்சியும் சேர்ந்து கொட்டும்.

கரையிலும் இதேதான். வாயை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. கரைக்குள்ளேயே மட்டம் ஏறும். ஏறி, மணல் வடிப்பு இல்லாத ஓர் இடத்தில், சரிவின் நடுவில் வெளிவரும். வரும்போது கரையின் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வரும். மண் போன இடத்தில் ஒரு துளை. துளை பெரிதாகப் பெரிதாக வேகம் கூடும். வேகம் கூடக்கூட மண் இன்னும் போகும். அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்து நான் பதறியது இதனால்தான்.

அமெரிக்காவில் டீட்டன் என்ற மண் அணை, 1976 ஜூன் 5. காலையில் கரையோரம் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. அது புது அணை, முதல் தடவையாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர்களும் இயந்திரங்களும் கையருகே இருந்தும் நிறுத்த முடியவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே அணை 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு உடைந்தது. கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு ஓர் அமைச்சர் நண்டுகள் மேல் பழி போட்டார். நண்டு வளை, பெருச்சாளி வளை, முள்ளம்பன்றிக் குழி எல்லாம் கரைக்குக் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வளையைத் தேடிப் பார்த்து மூட வேண்டியது மனிதர்களின் வேலை.

சரி, கசிவு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் போதும். குழாய் வாயில் பிடித்து நிரப்புங்கள். கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் ஒன்றும் படியவில்லை என்றால் அணை வழக்கம்போல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மண் படிந்திருந்தால், விரல் நுனியளவு என்றாலும், அன்றைக்கே சொல்லியாக வேண்டும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைவிட அதில் மண் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

அளவையும் விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் காலையில் பேப்பரை விரித்ததும் பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி, சிற்றாறு எத்தனை அடி என்று பார்க்காத விவசாயி உண்டா? அணை நிரம்பினால் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றாறுக்கு 18 என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைய நீர்மட்டத்தோடு கசிவின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது. திடீரென்று நின்றாலும் சந்தோஷப்படாதீர்கள். வடிகால் அடைபட்டு, தண்ணீர் வேறு வழி தேடுகிறது என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு லஸ்கர், அதாவது அணையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், இருந்தார். அதிகம் படிக்காதவர். ஒரு வாளி நிரம்ப எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று தினமும் வாய்விட்டு எண்ணி, சுவரில் கரியால் எழுதி வைப்பார். அவருடைய கரிக்கோடுகளைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு அந்த இடங்கள் பலவற்றில் ஆளே இல்லை. நீர்வளத் துறையில் இருந்தவனாகவே சொல்கிறேன், கருவி வாங்கப் பணம் வருகிறது, அதைத் தினமும் பார்க்க ஆள் வருவதில்லை.

கல்லால் கட்டிய அணைக்கும் இதே தப்பைச் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். பேச்சிப்பாறை 1906இல் முடிந்த அணை, திருவிதாங்கூர் அரசு கட்டியது. பொறியாளர் மிஞ்சினை நம் மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் “மன்னர் காலத்துக் கட்டு, அசையாது” என்பது பராமரிப்பு ஆகாது. அந்தக் காலத்துக் கல் அணைகளில் சாந்துக்குச் சுண்ணாம்புதான். ஊறும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வரும். பின்சுவரில் வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்திருப்பது அதுதான். உடனே பின்பக்கம் முழுக்கச் சிமென்ட் பூசினால் போதும் என்கிறார்கள். பூசினால் தண்ணீர் சுவருக்குள் தேங்கும், அடியிலிருந்து அணையைத் தூக்கப் பார்க்கும். அடைப்பதென்றால் தண்ணீர் நிற்கும் பக்கத்தில் அடைக்க வேண்டும், இல்லை மேலிருந்து துளை போட்டுச் சாந்தை அழுத்தத்தில் செலுத்த வேண்டும். பின்பக்கம் வடியவிட வேண்டும். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. பேச்சிப்பாறையில் உலக வங்கிக் கடனில் வந்த அணைப் புனரமைப்புத் திட்டத்தில் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. நம் குளங்களுக்கும் சிறிய கரைகளுக்கும் அப்படி யாரும் வரப்போவதில்லை. 2021ஆம் வருட அணைப் பாதுகாப்புச் சட்டமும் பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளைத்தான் பார்க்கும். மற்றதற்கு உங்கள் கண்தான்.

அப்புறம் மரம். கரையில் மரக்கன்று நடும் நல்ல மனசுக்காரர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், கரையில் வேண்டாம். வேர் கரையைப் பிடித்து நிற்கும் என்பது மரம் உயிரோடு இருக்கும்வரைதான். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் கைத்தடி பருமனில் ஒரு குழாய் மிச்சமாகும். ஒக்கி புயலில் நம் மாவட்டத்தில் எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்று பார்த்தோம். அந்த மரம் கரைமேல் நின்றிருந்தால் சாயும்போது கரையையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும். கரைக்குப் புல் போதும். மரத்தை அடிவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள், நானும் வந்து குழி தோண்டுகிறேன்.

அடிவாரத்தில் வாழைக்குழி எடுக்காதீர்கள். வீட்டுக்கு நிரப்ப அங்கிருந்து மண் எடுக்காதீர்கள். ஜேசிபிக்காரரிடம் சொல்லியும் வையுங்கள். நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் மறுகாலில் மீன் பிடிக்க வலையும் தட்டியும் கட்டாதீர்கள். மறுகால் அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். மண் கரைமேல் ஒரு சாண் தண்ணீர் ஓடினாலே அறுத்துக்கொண்டு போய்விடும்.

ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சி பக்கத்து முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 2024 ஆகஸ்டில் ஒரே ஒரு சங்கிலி அறுந்து 19ஆம் எண் ஷட்டர் போனது. தேவை வரும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்ட ஷட்டர், தேவை வரும்போது ஏறாது. நமக்கோ இரண்டு பருவமழை. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பாசனத்துக்குத் திறந்தால் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் சேர்த்து பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர் ஓடும். வேலை பார்க்கக் கிடைப்பது மார்ச், ஏப்ரல், மே. அந்த மூன்று மாதத்தில் கிரீஸ் போட்டு, முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்களா என்று உங்கள் பாசன சங்கத்தில் கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

அன்றைக்கு அந்தச் சிமென்டை உடைத்தோம். உளி வைத்து மெதுவாக, ஓரத்திலிருந்து. முதலில் காபி நிறத்தில் குபுக்கென்று வந்தது. பெரியவர் முகம் வெளுத்துப்போனது. அன்று மாலைவரை அங்கேயே உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வரிசையாக வைத்தோம். பதினொன்றாவது பாட்டில் தெளிந்திருந்தது. சரிவில் இருந்த ஈரம் காய இரண்டு வாரம் பிடித்தது.

உங்கள் ஊர்க் கரையில் புது ஈரமோ கலங்கலோ கண்டால், மண்ணோ சாக்கோ போடாதீர்கள். நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ உடனே சொல்லுங்கள், ராத்திரி என்றாலும் சொல்லுங்கள். போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுங்கள். ஈரத்தின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் காலை ஈரம் குச்சியைத் தாண்டியிருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம்.