துணியில் மலையைத் தூரத்தில் நிறுத்துவது எப்படி?

செங்கோட்டையில் நின்று மேற்கே பார்த்தால் மலை அடுக்கடுக்காகத் தெரியும். அந்த அடுக்கை அப்படியே துணியில் கொண்டுவர ஆசைப்படுபவர்கள் உண்டு: டெய்லர் கடை வெட்டுத்துணி, ரூபியா ஜாக்கெட் துணி, பழைய கேரள முண்டு எல்லாம் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து, சுவரில் மாட்டுகிற சித்திர குயில்ட். மாட்டிய பிறகு பார்த்தால் மூன்று மலையும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். இதற்குத் தையலைக் குறை சொல்லிப் பயனில்லை, நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற காற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்தக் காற்றின் மூலக்கூறுகள் வெயிலைச் சிதறடித்து நம் கண் பக்கமும் அனுப்புகின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறும், அதனால் தூரம் கூடக் கூட மலையின் மேல் நீலம் ஏறுகிறது, கூடவே மலை வெளிறியும் போகிறது. சாரல் காலத்தில் இது மாறிவிடும். புளியரைப் பக்கம் இறங்கும் மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும், தூரத்து மலை வெள்ளையில் கரையும். நீலத் துணி கிடைக்காதவர்கள் சாரல் காலத்து மலையைத் தைக்கலாம், முண்டின் பழுப்பு கலந்த வெள்ளை அதற்கு அருமையாகப் பொருந்தும்.

என்னைக் கேட்டால் நிறத்தைவிட வெளிர், அடர் வரிசைதான் முக்கியம். அது சரியாக இருந்தால் ஊதா மலையைக்கூடக் கண் ஏற்றுக்கொள்ளும். துண்டுகளைத் தரையில் பரப்பி மொபைலில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பளிச்சென்று வேறுபட்ட சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடுவது தெரியும். பூப்போட்ட துணியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, 3 மீட்டர் தள்ளி நின்றால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதைவிடச் சின்னப் புள்ளிகள் கலந்து ஒரே நிறமாகிவிடும், ஆகவே துணியைக் கையில் வைத்துத் தேர்வு செய்யாமல் தள்ளி நின்று பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

பக்கத்துத் துணியும் நிறத்தை மாற்றும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரலிடம் கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்து 1839-இல் புத்தகமாகவே எழுதினார். ஒரே சாம்பல் துணி வெள்ளையை ஒட்டினால் அடர்ந்தும், கறுப்பை ஒட்டினால் வெளிறியும் தெரியும்.

சரி, நிறம் முடிந்தது, இனி கத்தரி. மலைச்சரிவை வெட்டும்போது ஓரம் பாவுக்கும் (நீளவாட்டு நூல்) ஊடைக்கும் (அகலவாட்டு நூல்) குறுக்கே சாய்வாகப் போகும், ஜாக்கெட் தைப்பவர்கள் கிராஸ் என்பார்களே, அது. நேராக இழுத்தால் நூலே தாங்கும். 45 பாகையில் இழுத்தால் நூல்களுக்கு இடையிலுள்ள குட்டிச் சதுரங்கள் சாய்ந்து கொடுக்கும், துணி நீளும், தைத்த பிறகு ஓரம் அலையடிக்கும். சரிவோடு சரிவை இணைத்துத் தைப்பதைவிட, வானத்துணியை முழுசாக விரித்து மலையை அதன்மேல் வைத்துத் தைப்பது மேல், ஏனென்றால் அடித்துணி இழுவையை வாங்கிக்கொள்ளும். பின்னால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டி வெட்டினால் இன்னும் நல்லது.

அப்புறம் பஞ்சு. தையல் நெருக்கமான இடம் அமுங்கும், விட்டுத் தைத்த இடம் உப்பும், உப்பிய இடத்தின் ஓரத்தில் நிழல் விழுந்து அது முன்னால் வரும். தூரத்து மலைக்கு நெருக்கத் தையல், பக்கத்து மலைக்கு அகலத் தையல். ஆனால் நெருக்கித் தைத்த பகுதி சுருங்கவும் செய்யும், மேல்பாதி குறுகி, கீழ்பாதி தொளதொளவென்று தொங்கும். அதனால் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் அகலமாகவே விட்டு, எல்லாத் தையலும் முடிந்த பிறகு அளந்து வெட்டுங்கள்.