பின் சக்கரத்தைப் பூட்டாதீர்கள்: சேர்வராயன் மலைத் தடங்களுக்காக ஒரு சைக்கிள் மெக்கானிக் எழுதுவது

சேலத்தில் மவுண்டன் பைக் சர்வீஸ் செய்கிறேன். எங்கள் ஊர் கிளப் ரேஸ்களுக்கு முன்னால் வண்டிகளைப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். ஞாயிறன்று மலையேறி இறங்கிய வண்டிகள் திங்கள் காலையில் கடைக்கு வரும். அவற்றில் நிறைய வண்டிகளில் ஒரே சேதாரம். முன் பிரேக் பேட் புதுசாக இருக்கும், பின் பேட் தகடு வரை தேய்ந்திருக்கும். பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் டயர் பட்டன்கள் அங்கங்கே திட்டுத் திட்டாக மழுங்கியிருக்கும், சில பட்டன்கள் அடியோடு கிழிந்திருக்கும். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு தரையில் இழுபட்டால்தான் டயர் இப்படி ஆகும்.

டயர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். எனக்குக் கவலை அந்த டயர் இழுபட்ட மண்ணைப் பற்றி.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில் ஒத்தையடிப் பாதைகள் எப்படி இருக்கும் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேலே சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, தரையில் சருகு, சருகுக்கு அடியில் செம்மண். பூட்டிய பின் சக்கரம் முதலில் சருகை வழிக்கும், அப்புறம் மேல்மண்ணைக் கீறிக்கொண்டு போகும். திருப்பத்துக்கு முன்னால் விரல் ஆழத்தில் ஒரு கோடு விழும். அடுத்து வருகிறவரும் அதே இடத்தில்தான் பயந்து பிரேக் பிடிப்பார், கோடு ஆழமாகும். மழை வந்ததும் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். பாதையின் குறுக்கே வழிந்து போக வேண்டிய தண்ணீர், பாதை நெடுக ஓட ஆரம்பித்துவிடும். ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் போதும், கணுக்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்து வேரும் கல்லும் வெளியே வந்துவிடும்.

அந்தப் பாதையில் ஞாயிறு மட்டும் போகிறவர்கள் நாம். தினமும் நடப்பவர்கள் தோட்டத்து வேலையாட்களும் மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்காரர்களும். பழம் பறிப்பு தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்களில்தான். தலையில் மூட்டையோடு இறங்கும் ஓர் அக்கா கால் வைக்கும் இடத்தில்தான் நம் டயர் பள்ளம் தோண்டியிருக்கிறது. பள்ளத்துக்குப் பயந்து அவர் ஓரமாக நடப்பார். ஓரம் சரிந்து பாதை அகலமாகும், காப்பிச் செடியின் வேர் வெளியே தெரியும். தோட்டக்காரர் கேட்டைப் பூட்டுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வேறு ஊரில் இது நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி மலைகளில் 1976இல் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பழைய கனமான சைக்கிள்கள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பின் சக்கர பிரேக். ஒரு தடவை இறங்கினாலே சூட்டில், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும், பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். இன்றைய மவுண்டன் பைக் ரேஸின் வேர்களில் ஒன்று அது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வரை வளர்ந்த விளையாட்டு இது. ஆனால் அதே கலிபோர்னியாவில், நடப்பவர்களோடும் குதிரையில் வருபவர்களோடும் உரசல் வந்து பல தடங்கள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதைச் சமாளிக்கத்தான் 1988இல் சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கம் உருவானது. திறந்துவிட்ட தடத்தில் மட்டும் ஓட்டு, சுவடு விடாதே, வண்டியைக் கட்டுக்குள் வை, வழி விடு, விலங்கை மிரட்டாதே, தயாராகப் போ என்று அவர்கள் வகுத்த விதிகள் உலகம் முழுக்கப் பரவின.

இதில் ‘வண்டியைக் கட்டுக்குள் வை’ என்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பேன். சறுக்கிக்கொண்டு வருகிறவரால் யாருக்கும் வழிவிட முடியாது.

முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் சின்ன வயதிலேயே ஊட்டப்பட்டது. விழுவது உண்மைதான், ஆனால் பிரேக் லிவரைச் சட்டென்று அமுக்கி, உடம்பையும் முன்னால் சாய விட்டால்தான். வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்துக்கு ஏறுகிறது. அதனால் மண்ணைப் பிடிக்கும் சக்தி அதற்கே அதிகம். பாரம் குறைந்த பின் சக்கரமோ லேசாகப் பிடித்தாலே பூட்டிக்கொள்ளும். எனவே இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, ஒரு கைக்கு ஒரு விரலாக இரண்டு லிவரையும் மெல்ல அழுத்தி, போகப் போகக் கூட்டுங்கள். திருப்பத்துக்கு முன்பே, நேரான இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். நேரத்தையும் இப்படித்தான் மிச்சம் பிடிக்க முடியும். சறுக்குகிற வண்டி மெதுவாகத்தான் போகிறது, புழுதி பறப்பதால் வேகம் போலத் தெரிகிறது. முதலில் சமதளத்தில் ஒரு மைதானத்தில் பழகுங்கள். முன் பிரேக் எந்தக் கைக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். சில வண்டிகளில் வலது, சிலவற்றில் இடது. இரவல் வண்டியில் ரேஸுக்கு நிற்பவர்கள் இதைப் பார்க்காமல் வரிசையில் நிற்கவே கூடாது.

அப்புறம் காற்று. பெட்ரோல் பங்கில் 50 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு நேராக மலைக்குப் போகிறார்கள். இவ்வளவு இறுகிய டயர் கல்லிலும் வேரிலும் துள்ளும், மண்ணைப் பிடிக்காது. ட்யூப் போட்ட 2.2 அங்குல டயர், 65 கிலோ ஆள் என்றால் நான் 28, 30 அளவில் தொடங்கச் சொல்வேன்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறக்குறைய 1,500. தடத்தை முடித்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு, ஆற விட்டு இறங்குங்கள். ஷிமானோ டிஸ்க் பிரேக்கில் பேடின் உரசும் பகுதி 0.5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு சில பிரேக்குகளுக்கு ஊற்றும் டாட் ஆயிலை இதில் ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும்.

ரேஸ் நடத்துகிற கிளப்புகளுக்கு என் கருத்து கறாரானது. முந்தின நாள் மழை பெய்து, டயர் மண்ணில் புதைகிறது என்றால் ரேஸைத் தள்ளிவையுங்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள் என்பது காரணம் ஆகாது. திருப்பத்தை உள்பக்கமாக அறுத்துப் புதுத் தடம் போடுகிறவரைப் போட்டியிலிருந்து நீக்குங்கள். தேங்கிய தண்ணீர் வந்தால் ஓரத்தை மிதிக்காமல் நடுவிலேயே போகச் சொல்லுங்கள். பழம் பறிக்கும் மாதங்களில் மேஸ்திரியிடம் எந்தப் பகுதியில் ஆள் இறங்குகிறார்கள் என்று கேட்காமல் தடம் குறிக்காதீர்கள். பயிற்சி நாட்களில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். நடந்து வருகிறவர் என்றால் கால் ஊன்றி நின்றே விடுங்கள்.

காப்புக்காடு வேறு சமாச்சாரம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகளே வந்தன. காட்டெருமை எதிரே நின்றால் மணி அடிக்காமல், சத்தம் போடாமல், தள்ளி நின்று அது போகும் வரை காத்திருங்கள். சமவெளியில் பார்த்தீனியம் மண்டிய இடத்தில் ஓட்டியிருந்தால், மலைக்குப் போகும் முன் டயர் மண்ணைக் கழுவிவிடுங்கள், விதை அதிலேயே ஏறிவரும்.

ரேஸ் முடிந்ததும் தடம் குறிக்கக் கட்டிய ரிப்பனையும், ஓட்டுபவர்கள் தெம்புக்குச் சாப்பிட்ட ஜெல் உறைகளையும் பொறுக்குவதோடு கிளப்புகள் நிறுத்திவிடுகின்றன. அடுத்த வாரம் இரண்டு மண்வெட்டியோடு வாருங்கள். தோட்டக்காரரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டுவிட்டு, கோடு விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு ஆழமில்லாத வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகக் குவித்து மிதித்து இறுக்குங்கள். தண்ணீர் செடியின் தூருக்குப் போகாமல் சருகு மேல் பரவும்படி வாயை அகலமாக விடுங்கள். கோட்டை மண்ணும் சின்னக் கல்லும் போட்டு மூடி, மேலே சருகு பரப்புங்கள். இதை மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.