பிலிகுண்டுலுவில் ஆற்றை அளக்கிறோம், பால்வாடியில் பிள்ளையை?

ஜூன் பிறந்தால் டெல்டாவின் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். மேட்டூரில் எத்தனை அடி, கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை அளக்கும் எல்லை நிலையமான பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி? பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கு வருடம் 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னபோது, அந்தக் கணக்கைப் பார்க்கும் இடமும் பிலிகுண்டுலு என்றே ஆனது. சட்டம் பின்னால் நிற்பதால் அந்த அளவீட்டை யாரும் நிறுத்திவிட முடியாது. நம் பிள்ளைகளின் உடம்பை அளக்கும் வேலைக்கு அந்தப் பலம் இல்லை.

நீடாமங்கலம் பக்கம் ஒரு பால்வாடியில் பார்த்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தையை அளவுப் பலகையில் நிறுத்தினார்கள். "குடுமியை அவுத்துவிடும்மா" என்றார் டீச்சர். "இப்பத்தான் டீச்சர் சீவிப் போட்டேன்." அம்மாவுக்கு மனசே இல்லை. டீச்சர் விடவில்லை.

அவர் செய்ததுதான் சரி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டவணைப்படி, மூன்று வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுமட்ட உயரம் 95.1 செ.மீ. 87.4க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. குடுமி ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் காட்டினால் 87 என்பது 88 ஆகிவிடும், பிள்ளை பட்டியலிலேயே வராது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். படுத்தால் நிற்பதைவிட சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. எடை ஒரு காய்ச்சலில் இறங்கி அடுத்த மாதமே ஏறும். உயரம் அப்படியல்ல. மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாததும், திரும்பத் திரும்ப வந்த வயிற்றுப்போக்கும் அதில் பதிந்து கிடக்கும்.

இப்படி வீடு வீடாக அளப்பதுதான் தேசிய குடும்ப நல ஆய்வு. 2019-21 சுற்றில், தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளை! ஆனால் 2005-06க்குப் பிறகு அடுத்த சுற்று 2015-16இல்தான் நடந்தது. நடுவில் பிறந்து, பால்வாடி முடித்துப் பள்ளிக்கூடம் போய்விட்ட பிள்ளைகள் எந்தச் சுற்றிலுமே அளக்கப்படவில்லை. 1972இல் தொடங்கி தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் ஊர் ஊராக மக்கள் சாப்பிடும் உணவை எடைபோட்டுப் பார்த்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பும் 2015இல் மூடப்பட்டது. சட்டத்தால் பிறந்த அமைப்பாக இருந்தால் அவ்வளவு லேசாக மூடியிருக்க முடியாது.

அமெரிக்காவில் 1956இலேயே, உடல்நலக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து நடத்தச் சட்டம் போட்டார்கள். டிரெய்லர் வண்டியில் ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கிறார்கள். 1976-80 சுற்றில் ஒரு விஷயம் தெரிந்தது: பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்கள் ரத்தத்தில் இருந்த ஈயமும் சுமார் 37 சதவீதம் இறங்கியிருந்தது. ஈய விதியைத் தளர்த்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அப்புறம் அதை இறுக்கினார்கள். 1990இல் ஊட்டச்சத்துக் கண்காணிப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சுகாதாரத் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து பத்தாண்டுத் திட்டம் போட வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உணவு வழிகாட்டி வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

நம் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஊட்டமில்லாத பிள்ளையை அங்கன்வாடி கண்டுபிடித்து இலவசமாகச் சோறு போட வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் இத்தனை வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க உயரமும் ரத்தமும் பார்த்து வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதைத்தான் கேட்க வேண்டும்: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து, முடிவு எப்போது வெளியாகும் என்று எழுதிய சட்டம். மாவட்டச் சராசரியோடு நிறுத்திவிடவும் கூடாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று வேதாரண்யத்துக்காரர் கேட்கிற மாதிரி, அந்த ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கும் தனியாக ஓர் எண் வருகிற அளவுக்கு வீடுகளை எடுத்து அளக்க வேண்டும்.