தாத்தா ஆள்காட்டியா என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது என் தொழில். பால்மரம் வெட்டியது, கோவில் திருவிழா, கள்ளுக்கடைச் சண்டை எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வாசல்வரை வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்: "எங்கள் தாத்தாவை ஆள்காட்டி என்கிறார்களே, உண்மையா?" போலீசுக்கு ரகசியமாகத் துப்புக் கொடுத்தவரைத்தான் ஆள்காட்டி என்பார்கள்.

இந்த ஊரில் இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. விசாரணையின்றி உள்ளே வைக்கும் அதிகாரம், துப்புக் கொடுப்பவருக்குப் பரிசுப்பணம், 12 வயதானவர் முதல் எல்லோருக்கும் அடையாள அட்டை என்று ஆட்சி நடந்தது. காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று போலீஸ் சந்தேகப்பட்டது. போலீசுக்குத் தகவல் போகிறதா என்று காட்டில் இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நடுவில் லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள்.

ஒரு குடும்பத்தின் கதையை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். உயிரோடு இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் அடுக்கியவை இவை: சனிக்கிழமை தவறாமல் ஈப்போவுக்குப் போவார், போலீஸ்காரரோடு ஆங்கிலத்தில் பேசுவார், வீட்டில் ரேடியோ வைத்திருந்தார், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது அவரை மட்டும் தொடவில்லை. நான்கையும் ஒரே மூச்சில் கேட்டால் தீர்ப்பே எழுதிவிடலாம்போல இருக்கும். தனித்தனியாக வைத்துப் பாருங்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, யார் வந்தார், யார் வரவில்லை என்ற செக்ரோல் பதிவேடு கிராணியின் கையில் இருக்கும். போலீஸ் தோட்டத்துக்குள் வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடும். கூப்பிட்டும் பேசாமல் இருந்திருந்தால்தான் அது செய்தி. ரேடியோவும் ஈப்போப் பயணமும் சம்பளம் சற்றுக் கூடுதலாக வாங்கியவரின் வாழ்க்கை, அவ்வளவுதான்.

ஒரு பாட்டி மட்டும் கண்ணால் கண்டதாகச் சொன்னார். ராத்திரியில் கிராணி ஒரு காகிதத்தைப் போலீஸ்காரரிடம் நீட்டினாராம். "எங்கே நின்று பார்த்தீர்கள், பாட்டி?" என்று கேட்டேன். பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் என்றார். கையில் என்ன இருந்தது? பால் வாளி. அந்தத் தோட்டத்தில் பால் நிறுப்பது நண்பகல் வாக்கில். கொஞ்சம் யோசித்துவிட்டு, காகிதம் கொடுத்ததைப் பார்த்தது நிச்சயம் என்றும், ராத்திரி என்று சொன்னது நாத்தனார் என்றும் அவரே பிரித்துச் சொன்னார். பாட்டி பொய் சொல்லவில்லை. தான் பார்த்ததும் நாத்தனார் சொன்னதும் இத்தனை ஆண்டுகளில் ஒன்றாகக் கலந்து உறைந்துவிட்டன.

கேட்பவரும் இதில் பங்காளிதான். 1974இல் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் வகையில் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆகவே "அவர் உளவு பார்த்தாரா?" என்று ஆரம்பிக்கவே கூடாது. "அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். இரண்டு கிழவர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். குரல் உயர்ந்தவருடைய நினைவுதான் இருவருக்கும் மிஞ்சும்.

"எனக்கு அப்போதே தெரியும்" என்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராகவே இருந்த லாய் தெக், பிரிட்டிஷாருக்கும் பிறகு ஜப்பானியருக்கும் வேலை பார்த்தவர். 1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலை அருகே கட்சித் தலைவர்கள் கூடியபோது ஜப்பானியர் சுற்றி வளைத்துப் பலரைக் கொன்றது அவர் கொடுத்த தகவலால்தான். அதற்குப் பிறகும் தோழர்கள் அவரையே தலைவராக வைத்திருந்தார்கள். 1947இல் கட்சிப் பணத்தோடு அவர் ஓடிய பிறகுதான் உண்மை ஊர்ஜிதமானது. கூடவே இருந்தவர்களுக்குத் தெரியாதது, எதிர் லயத்துக்காரருக்கு ரேடியோவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம்!

ஆவணங்களைத் தேடுபவர்கள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தோடு நிறுத்த வேண்டாம். பிரிட்டிஷார் கையோடு கொண்டுபோய் மறைத்து வைத்திருந்த காலனித்துவக் கோப்புகள் 2012 முதல் லண்டன் கியூ காப்பகத்தில் எஃப்சிஓ 141 என்ற வரிசையில் திறக்கப்பட்டன. ஆனால் ஆள்காட்டிகளின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1952இல் தஞ்சோங் மாலிமில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதி, பெயர் எழுதாமல் பூட்டிய பெட்டியில் போடச் சொன்னார். அந்த ஊரில் யார் எழுதினார் என்று இன்று எவரைக் கைகாட்டுவது?

இன்னொன்று, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இதையெல்லாம் பெயரோடு போடாதீர்கள். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர்மேல் பழி சுமத்துவதும் மலேசியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின்படி அவதூறாகலாம்.

கிராணியின் பேரனிடம் பதிவுகளோடு ஒரு தாளையும் கொடுத்தேன். கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்று பத்தி. கண்டது என்பதன் கீழ் இரண்டே வரி: பகலில் ஒரு காகிதம் கைமாறியது; மற்றவர்களைப் பிடித்தபோது அவரைப் பிடிக்கவில்லை. இரண்டாவதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. துரை பரிந்து பேசியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். "அப்படியானால் தாத்தா நிரபராதியா?" என்று பேரன் கேட்டார். அந்தத் தாளில் அதற்குப் பத்தி இல்லை என்றேன்.